பெரிய டயருக்குப் பிறகு: கிரவுன்-பினியனை மாற்றுவதா, சூப்பர்சார்ஜர் போடுவதா?

ஆஃப்ரோடு வண்டிக்கு 35 அங்குல டயர் ஏற்றிய இரண்டாவது வாரமே புலம்பல் தொடங்கிவிடும்: "வண்டியில பவரே இல்ல." மேட்டில் திணறுகிறது. டாப் கியரில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆட்டோமேட்டிக் என்றால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஓயாமல் தாவுகிறது. கேட்டவர்களில் ஒருவர் "கிரவுன்-பினியனை மாத்து" என்பார். இன்னொருவர் "சூப்பர்சார்ஜர் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார். ஒரே நோய்க்கு இரண்டு மருந்து போல இவற்றைப் பேசுவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பல்சக்கர ஜோடியை மாற்றுவது, இன்ஜினின் உழைப்பு சக்கரத்துக்குப் போய்ச்சேரும் கணக்கைத் திருத்துகிறது. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் அந்த உழைப்பையே கூட்டுகிறது. எதில் குறை என்று தெரியாமல் எதை வாங்கினாலும் பாதிதான் பலன் கிடைக்கும்.

டயரும் ஒரு கியர்தான்

கியர் சைக்கிளில் மேடு ஏறியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலி மாறினால் மிதி லேசாகிறது. ஆனால் அதே வேகத்துக்குக் கூடுதல் முறை மிதிக்க வேண்டும். சின்னப் பல்சக்கரத்தில் நேர்மாறு: ஒரு மிதிக்கு அதிக தூரம் போகலாம், கால் கடுக்கும். கால்களின் பலம் இரண்டிலும் ஒன்றே.

இப்போது பல்சக்கரத்தைத் தொடாமல், பின் சக்கரத்தை மட்டும் பெரிதாக மாற்றியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் கூடுகிறது. மிதி கனக்கிறது. கியரையே மாற்றாமல் கனமான கியருக்குப் போய்விட்டோம்.

ஆஃப்ரோடு வண்டியில் நடப்பதும் இதுவே. அச்சைத் திருகும் வலுவுக்கு முறுக்கு விசை, அதாவது டார்க் என்று பெயர். அந்த முறுக்கு, டயரின் ஆரத்தைத் தாண்டித்தான் தரையைத் தள்ள வேண்டும். ஆரம் நீள நீளத் தள்ளும் விசை குறையும். 32 அங்குலத்திலிருந்து 35-க்குப் போனால் தரையில் கிடைக்கும் தள்ளு சுமார் 8.6 சதவீதம் குறைகிறது. இன்ஜினின் குதிரைசக்தி அப்படியே இருக்கிறது. அதைப் பிடித்துத் தள்ளும் கோல்தான் தவறான நீளத்துக்குப் போய்விட்டது.

கணக்கை எங்கே திருத்துவது?

இன்ஜின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக வந்து, நான்கு சக்கர இயக்கத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கடந்து, கடைசியில் ஆக்சிலுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியலை அடைகிறது. அங்கே பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரவுன் என்ற பெரிய வட்டப் பல்சக்கரத்தைத் திருப்புகிறது. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவது ஆக்சில் விகிதம். கிரவுனில் 41, பினியனில் 11 என்றால் 3.73. அதாவது பினியன் 3.73 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். எண் கூடக்கூட முறுக்கு கூடும், வேகம் குறையும்.

கிரவுன், பினியன் இரண்டையும் ஜோடியாகக் கழற்றி வேறு விகித ஜோடி போடுவதைத்தான் ரீகியர் என்கிறார்கள். கியர்பாக்ஸை யாரும் திறப்பதில்லை.

எந்த விகிதம் வேண்டும் என்பதற்கு ஒரு வரிக் கணக்கு போதும்: பழைய விகிதத்தைப் புதிய டயர் விட்டத்தால் பெருக்கி, பழைய விட்டத்தால் வகுக்கவும். 3.73 × 35 ÷ 32 = 4.08. சந்தையில் கிடைக்கும் 4.10 இதற்குப் பொருந்தும். 4.10 போட்டால் ஸ்பீடோமீட்டர் திருத்தம் தவிர மற்றதெல்லாம் பழைய வண்டி போலவே இருக்க வேண்டும்.

காகிதத்தில் மட்டும்! டயரின் எடையை இந்தக் கணக்கு சேர்ப்பதில்லை. 32 அங்குல ஆல்-டெரெய்னைவிட 35 அங்குல மட் டயர் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 10 கிலோ அல்லது அதற்கு மேல் கூடுதல் எடை. அந்த எடை விளிம்பில் இருப்பதால் ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் அதைச் சுழற்றியாக வேண்டும். வண்டி உயர்ந்திருக்கும், காற்று இன்னும் பலமாகத் தடுக்கும், பம்பர், வின்ச் என்று இரும்பும் ஏறியிருக்கும். அதனால் கணக்கில் வந்த எண்ணுக்கு ஒரு படி மேலே போவதே நடைமுறை. இந்த உதாரணத்தில் அது 4.56.

தொழிற்சாலைகளே இதைத்தான் செய்கின்றன. ஜீப் ராங்லர் ரூபிகான் வழக்கமாக 33 அங்குல டயரும் 4.10 ஆக்சிலுமாக வரும். 2021-இல் 35 அங்குல டயரோடு எக்ஸ்ட்ரீம் ரீகான் என்ற தொகுப்பைக் கொடுத்தபோது ஆக்சிலை 4.56 ஆக்கினார்கள். கணக்குப்படி 4.35 போதும், ஆனாலும் ஒரு படி மேலே போனார்கள். ஃபோர்டு பிராங்கோவின் சாஸ்க்வாட்ச் தொகுப்பில் 35 அங்குல டயருக்கு 4.70.

சுருக்கமாக: பெரிய டயர் மொத்த கியர் விகிதத்தைக் குறைக்கிறது. ரீகியர் அதைத் திரும்பக் கூட்டுகிறது. இன்ஜினுக்கு இதில் எந்த மாற்றமும் இல்லை.

டயரை அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்

பக்கவாட்டில் 35 என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடுவது பலர் செய்யும் தவறு. உண்மையான டயர் பெரும்பாலும் அதைவிடச் சிறிது. வண்டியின் எடை ஏறியதும் இன்னும் அமுங்கும். வழக்கமான காற்றழுத்தத்தில், சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். டயரின் கோடு மறுபடி தரைக்கு வரும்வரை வண்டியை நேராக உருட்டி, அந்த இடத்தையும் குறித்து இடைவெளியை அளங்கள். 2.68 மீட்டர் வந்தால் அதை 3.1416-ஆல் வகுக்க 0.853 மீட்டர், அதாவது 33.6 அங்குலம். 35 என்று வாங்கிய டயரின் வேலை செய்யும் விட்டம் அவ்வளவுதான். பழைய டயரையும் இதே முறையில் அளந்திருந்தால்தான் ஒப்பீடு நியாயம். ஒன்றை அளந்தும் மற்றதை அச்சிட்ட எண்ணிலும் எடுத்தால் தப்பான ஜோடி வாங்குவீர்கள்.

நெடுஞ்சாலையில் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்று பார்க்க இன்னொரு கணக்கு: மணிக்கு எத்தனை கி.மீ. என்பதை டாப் கியர் விகிதத்தாலும் ஆக்சில் விகிதத்தாலும் 209-ஆலும் பெருக்கி, டயர் விட்டத்தின் அங்குலத்தால் வகுக்கவும். டாப் கியர் 0.75 என்று வைத்து 100 கி.மீ. வேகத்தில் பார்த்தால்:

32 அங்குலம், 3.73: சுமார் 1,830 சுற்று
35 அங்குலம், 3.73: சுமார் 1,670 சுற்று
35 அங்குலம், 4.10: சுமார் 1,840 சுற்று
35 அங்குலம், 4.56: சுமார் 2,040 சுற்று

இரண்டாவது வரியில்தான் திணறல் ஒளிந்திருக்கிறது. கூடுதல் எடையையும் காற்றுத் தடையையும் சமாளிக்க வேண்டிய இன்ஜின், முன்னைவிடக் குறைந்த சுற்றில், முறுக்கு சரியாக எழும்பாத இடத்தில் மாட்டிக்கொள்கிறது.

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது?

உலையில் கரி கிடக்கிறது. தானாக வரும் காற்றில் அது ஓரளவுக்குத்தான் எரியும். துருத்தியால் ஊதினால் அதே உலை சீறும். காற்று கூடினால் கூடுதல் கரியையும் போடலாம்.

சூப்பர்சார்ஜர் இன்ஜினின் துருத்தி. கிராங்க்ஷாஃப்டிலிருந்து பெல்ட் மூலம் சுழன்று, காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கும். கூடுதல் காற்றுக்கு ஏற்ப எரிபொருளையும் கூடுதலாகத் தெளித்தால் வெடிப்பு பலமாகும், முறுக்கு கூடும். இப்படித் திணிக்கும் அழுத்தத்துக்கு பூஸ்ட் என்று பெயர். கடல் மட்டத்தில் காற்றின் இயல்பான அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). அதற்கு மேல் 7 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் சக்தி ஒன்றரை மடங்காகாது. அழுத்தப்பட்ட காற்று சூடாகி விரிகிறது, துருத்தியைச் சுற்றவே இன்ஜின் சக்தியில் ஒரு பங்கு போகிறது. ஒழுங்காக டியூன் செய்த தெருப் பயன்பாட்டு கிட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சக்தி கூடுவது வழக்கம். அதுவே பெரிய விஷயம்தான்.

எல்லாத் துருத்தியும் ஒன்றல்ல. ரூட்ஸ், ட்வின்-ஸ்க்ரூ வகைகள் குறைந்த சுற்றிலிருந்தே காற்றைத் தள்ளும். மையவிலக்கு வகை, சுற்று ஏற ஏறத்தான் ஊதும். 1,500 சுற்றில் ஊர்ந்து பாறை ஏறுபவருக்கு அது இருந்தும் இல்லாதது போல. ஆஃப்ரோடு வண்டிக்கு முதல் இரண்டில் ஒன்றே பொருத்தம். டீசல்காரர்களுக்கு இந்தக் கேள்வியே பெரிதாக எழாது. இன்றைய டீசல்களில் டர்போ ஏற்கெனவே ஊதிக்கொண்டிருக்கிறது, அவர்களுக்கு ரீகியர்தான் நேரான வழி.

இரண்டும் பிரியும் இடம்

பாறையில் வேண்டியது மெதுவாகப் போகும் திறன். முதல் கியர், லோ ரேஞ்ச் (டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள மெதுவான கியர்), ஆக்சில் ஆகிய மூன்று விகிதங்களையும் பெருக்கினால் வருவது ஊர்வு விகிதம். முதல் கியர் 4.0, லோ ரேஞ்ச் 2.5, ஆக்சில் 3.73 என்றால் 37.3. மிதியைத் தொடாமல் இன்ஜின் 800 சுற்றில் ஐடிலில் இருக்க, 35 அங்குல டயரோடு வண்டி மணிக்கு சுமார் 3.6 கி.மீ. நகரும். 4.56 போட்டால் விகிதம் 45.6 ஆகி, வேகம் 2.9 கி.மீ.க்கு இறங்கும். இறக்கத்தில் பிரேக் மிதிக்காமல் இன்ஜினே பிடித்துக்கொண்டு இறக்கும் சுகம் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் இந்த எண்ணை ஒரு புள்ளிகூட மாற்றாது. எத்தனை குதிரைசக்தி ஏற்றினாலும் ஐடிலில் வண்டி அதே 3.6-இல்தான் ஓடும்.

மணல் மேடு வேறு கதை. அங்கே சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இன்ஜின் முழு மூச்சில் நிமிடக்கணக்கில் உழைக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் பேசும் இடம் அது. உயரமான மலைப்பகுதியும் அப்படித்தான். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. சாதாரண இன்ஜின் அந்த அளவுக்கு மூச்சிழக்கும். கிரவுன்-பினியனால் காற்றை உண்டாக்க முடியாது.

பாகங்கள் தாங்கும் சுமையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ரீகியருக்குப் பிறகு, சக்கரத்தில் அதே தள்ளு கிடைக்க கிளட்ச், கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவை முன்னைவிடக் குறைவான முறுக்கைத்தான் சுமக்கின்றன. 3.73-லிருந்து 4.56 என்றால் சுமார் 18 சதவீதம் குறைவு. சூப்பர்சார்ஜரில் எதிர்மாறு: முழுதாக மிதிக்கும்போது கிளட்சிலிருந்து கடைசி ஆக்சில் ஷாஃப்ட் வரை எல்லாவற்றின் மீதும் சுமை ஏறுகிறது. ரீகியருக்கும் ஒரு விலை உண்டு. 4.56-க்குப் பினியனில் 9 பல், 5.13-க்கு 8 பல் என்று பினியன் சிறுத்துக்கொண்டே போகும். லோ ரேஞ்சில் ஆக்சில் ஷாஃப்ட்டுக்கும் கூடுதல் முறுக்கு போகும்.

இங்கே நிறுத்திப் பார்த்தால்: ஊர்வதும் கியர்பாக்ஸின் ஆயுளும் ரீகியர் பக்கம். மணலும் உயரமும் முழு மிதியும் சூப்பர்சார்ஜர் பக்கம்.

செலவில்லாத சோதனை

உங்கள் வண்டிக்கு எது குறை என்று ஒரு மேட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் மேல் கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளி 20 முதல் 30 சதவீதம். 3.73-லிருந்து 4.56-க்குப் போவதும் 22 சதவீதம். அதாவது ஒரு கியர் இறக்கி ஓட்டுவது, ரீகியர் செய்த வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட சமம்.

திணறும் அதே மேட்டில், அதே வேகத்தில், கையால் ஒரு கியர் இறக்குங்கள். பாதி மிதியிலேயே வண்டி நிம்மதியாக ஏறினால் சக்தி இருக்கிறது, விகிதம்தான் தவறு. இறக்கிய பிறகும் மிதியை அடிவரை அழுத்தி, இன்ஜின் உச்ச சக்தி தரும் சுற்றில் அலறியும் வேகம் விழுந்துகொண்டே போனால் இன்ஜினுக்கே போதவில்லை. அங்கே எந்த ரீகியரும் உதவாது. எந்தக் கியரில் இருந்தாலும், ஒரு வேகத்தில் கிடைக்கும் உச்சத் தள்ளு என்பது உச்ச சக்தியை வேகத்தால் வகுத்தது மட்டுமே.

இதே காரணத்தால் 8, 10 கியர் உள்ள ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ரீகியருக்குப் பிறகு நெடுஞ்சாலையில் முழு மிதியில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏற்ற கியரை அவை தாமாகவே தேடிப் பிடித்துவிடுகின்றன. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதிலும், ஊர்வதிலும், தேவையற்ற கியர் தாவல் குறைவதிலும்தான் பலன் தெரியும். 5 கியர் மேனுவலில் ஆளே மாறியது போல இருக்கும்.

ரீகியர் வேலையில் கவனிக்க வேண்டியவை

முதல் விதி: முன், பின் ஆக்சில் இரண்டிலும் ஒரே விகிதம். பின்னால் 4.56, முன்னால் 3.73 என்று விட்டுவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி டிரான்ஸ்ஃபர் கேஸை உடைக்கும். "இப்போதைக்குப் பின்னால மட்டும்" என்பது நான்கு சக்கர இயக்கத்தைத் தொடாதவரைதான் செல்லும்.

ஜோடியோடு பினியன் பேரிங்குகள், கேரியர் பேரிங்குகள், பினியன் சீல், ஷிம் தகடுகள், பினியன் நட், கிரவுன் போல்ட்டுகள், கிரஷ் ஸ்லீவ் எல்லாம் புதிதாக வேண்டும். இவை ஒரே கிட்டாகக் கிடைக்கும். கிரவுனைத் தாங்கும் கேரியரும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய டானா 44 ஆக்சிலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-லிருந்து வேறொன்று. இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலப் பூட்டும் லாக்கர் போடும் எண்ணம் இருந்தால் இதுதான் சமயம், எப்படியும் ஆக்சில் திறந்து கிடக்கிறது.

வேலையின் தரம் மூன்று இடங்களில் தெரியும். பற்களுக்கு இடையிலான விளையாட்டு, பேக்லாஷ் என்பது, டயல் கேஜில் பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ. இருக்க வேண்டும். பினியனைச் சுழற்ற ஆகும் இறுக்கம் புது பேரிங்கில் பல ஆக்சில்களுக்கு 2, 3 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும், உங்கள் ஆக்சிலின் கையேட்டு எண்ணே இறுதி. மூன்றாவது, பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றிப் பார்க்கும் தடம். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகம் நெருங்கியிருக்கிறது. நுனியில் விழுந்தால் தள்ளியிருக்கிறது. நடுவில் விழும்வரை ஷிம் மாற்றிக் கழற்றி மாட்டத்தான் வேண்டும். இந்தப் பொறுமை இல்லாத இடத்தில் வண்டியை விடாதீர்கள். தடத்தின் புகைப்படம் கேட்டால் நல்ல மெக்கானிக் மறுக்க மாட்டார்.

பினியன் பேரிங்குகளுக்கு நடுவே இருக்கும் குழாய்தான் கிரஷ் ஸ்லீவ்; அது நசுங்கித்தான் இறுக்கம் தரும். நட்டை அதிகம் இறுக்கிவிட்டு, கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. நசுங்கியது திரும்ப நிமிராது. புதிது போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தளர்த்தி விட்ட பினியன் சில ஆயிரம் கி.மீ.யில் ஊளையிடத் தொடங்கும்.

முதல் ஓட்டம் 25, 30 கி.மீ.; பிறகு அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை. முதல் 800 கி.மீ.க்குப் பாரம் இழுக்கக் கூடாது, அதன் முடிவில் ஆயிலை மாற்றிவிட வேண்டும். புது பற்கள் உரசிப் படியும்போது சூடேறும். ஆறவிடாமல் ஓட்டினால் பல்லின் மேற்பரப்பு தன் கடினத்தை இழந்துவிடும்.

சூப்பர்சார்ஜர் போட்டால்

போடுவதற்கு முன், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் அவசியம். ஒரு சிலிண்டர் சோர்ந்திருந்தால் பூஸ்ட் அதை முடித்துவைக்கும். கிட்டோடு பெரிய இன்ஜெக்டர், அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அந்த இன்ஜினுக்கே எழுதிய டியூன் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பு), உயர் ஆக்டேன் பெட்ரோல் எல்லாம் சேர்ந்ததே முழுமை. ஒன்றைக் குறைத்தாலும் நாக்கிங் வரலாம். எரிபொருள் நேரம் தவறி வெடித்து பிஸ்டனைச் சுத்தியலால் தட்டுவது போல அடிப்பதுதான் நாக்கிங். பிஸ்டன் ரிங் இருக்கும் விளிம்பு முதலில் உடையும்.

பெரிய டயரும் பழைய விகிதமும் அப்படியே இருக்க சூப்பர்சார்ஜர் மட்டும் போட்டவர்கள் அறியாமல் மாட்டுவது இங்கேதான். குறைந்த சுற்று, கனமான சுமை, முழு பூஸ்ட், மெதுவாக ஓடுவதால் ரேடியேட்டருக்குக் காற்றும் இல்லை. நாக்கிங்குக்கு இதைவிட வசதியான சூழல் கிடையாது.

இரண்டும் தொடாத விஷயங்கள்

பிரேக். டயர் ஆரம் கூடியதால் அதே மிதிக்குப் பிடிப்பும் 8.6 சதவீதம் குறைந்திருக்கிறது, நிறுத்த வேண்டிய எடையோ கூடியிருக்கிறது. சூப்பர்சார்ஜர் போட்டால் இன்னும் வேகமாகப் போய் அதே பிரேக்கில் நிற்க வேண்டும்.

டயரை மட்டும் மாற்றிய வண்டியில் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 109. சக்கரத்தில் சென்சார் உள்ள வண்டியில் டயர் அளவை மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொன்னால் மீட்டர் சரியாகிவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸில் சென்சார் இருந்தால் ஆக்சில் விகிதத்தையும் சொல்ல வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் இரண்டையும் பதிவு செய்யாவிட்டால் கியர் மாறும் நேரம் தப்பும்.

மைலேஜ் புலம்பலில் ஒரு பாதி மீட்டர் செய்யும் வேலை. 50 லிட்டரில் 500 கி.மீ. என்று மீட்டர் காட்டினால் உண்மையில் 547 கி.மீ. ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 10 அல்ல, 10.9. திருத்திய பிறகும் குறைவாக இருந்தால் அப்போது கவலைப்படலாம்.

இரண்டுமே வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் ரீகியரை முதலில் முடிக்கவும். சூப்பர்சார்ஜரின் டியூனை, வண்டி இனி ஓடப்போகும் டயரும் விகிதமுமாகவே எழுத வேண்டும். அடுத்த வருடம் 37-க்குப் போகும் எண்ணம் மனதின் மூலையில் இருந்தாலும் மெக்கானிக்கிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். 35-க்கு 4.56 போட்ட ஆக்சிலை மறுபடி திறந்து 4.88 ஆக்குவது, ஜோடி, பேரிங், கூலி எல்லாவற்றையும் இரண்டாம் முறை கொடுக்கும் வேலை.